சுமந்தவருக்கு என்ன முறை?

பிறர் கருவைத் தம் வயிற்றில் சுமந்து பெற்றுத் தரும் முறை ஆகாதென 1986-இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை தீர்மானித்தது. ஆதலின் நம் இல்லங்களில் இப்பேச்சுக்கு இடமில்லை. எனினும் அண்டை வீட்டில் நிகழும்போது கண்களை மூடிக்கொள்ள இயலுமா?

எதிர்வீட்டு இந்து நண்பர் பதினாறு ஆண்டுகள் மகவின்றி வாடியவர். அவர் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை சுமக்க முன்வந்தார். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்குச் சுமப்பதைத் தடுக்கிறது. சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், தாமும் ஒரு பிள்ளை பெற்றவராய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். 36 மாதக் காப்பீடும் உண்டு. நல்ல சட்டந்தான்.

பிறந்த இரண்டாம் நாள் மகளை இல்லம் கொணர்ந்தனர். ஆரத்தி எடுத்தனர், தெருவெங்கும் சர்க்கரை வழங்கினர். சுமந்தவரோ அறுவைப் புண்ணோடு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். பிள்ளை கைமாறிய செய்தியை உடல் அறியுமா? மறுநாள் அவருக்குப் பால் கட்டி, மார்பு கல்லாய்க் கனத்ததாம். இங்கே குழந்தைக்குப் புட்டிப்பால்!

எனக்கு ஹலீமா நாயகியின் நினைவு வந்தது. நபிகள் நாயகத்துக்குப் (ஸல்) பாலூட்டியவர். பதினான்கு நூற்றாண்டுகளாகியும் அன்னை என்றே அவரை அழைக்கிறோம். பாலுக்கே அத்துணை உரிமையெனில், பத்துத் திங்கள் உதிரம் ஈந்தவருக்கு?

“வளர்ந்தபின் இவள் அவரை எம்முறை சொல்லி அழைப்பாள்?” என்று நண்பரைக் கேட்டேன். அவர் தலைகுனிந்தார்.

“சின்னம்மா என்றுதான், பாய்” என்று உள்ளிருந்து அவர் மனைவி விடையிறுத்தார். “நாளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறோம்.”