மருந்து கெட்டித்த காலம்

துப்பாக்கியின் உறுப்புகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைக் கேட்பவர்களுக்கு அது உயிருள்ள ஒன்று என்றே தோன்றக்கூடும். விசையை இழுத்ததும் பாய்ந்து வந்து அடிக்கும் உறுப்பின் பெயர் குதிரை. குழலுக்கு வாய் உண்டு. அதன் வழியே உள்ளே போவது மருந்து. மருந்தை இட்டு நிரப்பும் செயல் கெட்டித்தல். இச்சொற்கள் எங்களுக்கு அகராதி வழியாக வந்தவை அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் மேகமலையின் அடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில், பெரியப்பாவும் அவருடைய துப்பாக்கியைச் செப்பனிட்ட கொல்லாசாரியும் பேசக் கேட்டுக் கற்றவை. இன்று அவ்விருவரும் இல்லை. அந்தச் சொற்களைப் பிழையின்றிப் புழங்கத் தெரிந்தவர்களும் ஊரில் அநேகமாக இல்லை.

பெரியப்பாவிடம் இருந்தது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்றது. முல்லைப் பெரியாற்று நீர் 1895இல் பள்ளத்தாக்கின் தரைப்பகுதியை நெல்வயலாக்கியது. ஆனால் அடிவாரத்து மேட்டு நிலங்களுக்கு அந்நீர் ஏறியதில்லை. இலவந்தோப்பும் சோளமும் மொச்சையும் நிலக்கடலையுமே எங்கள் வெள்ளாமை. கடலை பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் நிலம் உழுததுபோல் ஆகிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் மண்வெட்டியும் கடப்பாரையும் சார்த்தி வைத்த மூலையிலேயே துப்பாக்கியும் நின்றது.

அது பெரியப்பாவின் கைக்கு வந்தபோது நல்ல நிலையில் இல்லை. கட்டை பிளந்திருந்தது. குதிரையின் வில் தளர்ந்திருந்தது. ஆசாரி குழலின் பின்மூடியைக் கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாராம்.

“என்ன ஆசாரியாரே, தேறுமா?”

“கொழலு தேறும்யா. கட்டைதான் தேறாது. ஒங்க கைக்கு வேற போட்டுத் தாரேன்.”

‘உங்கள் கைக்கு’ என்று அவர் சொன்னதில்தான் தொழில் இருந்தது. பெரியப்பா இடக்கைக்காரர், குள்ளமானவர். கேப்பு வெடிக்கும் கூம்பும் குதிரையும் குழலின் வலப்பக்கத்தில் இருந்தன. இடத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு அந்தப் பொறி முகத்துக்கு நேரே பறக்கும். ஆசாரி பழைய கட்டையை அளவெடுத்து, அதைவிட இரண்டு விரற்கடை குறைத்துத் தேக்கில் புதிய கட்டை இழைத்தார். கன்னம் பதியும் இடத்தைச் சற்றே வழித்தெடுத்தார். கூம்புக்குப் பின்னால் நகக்கண் அளவில் ஒரு பித்தளைத் தகட்டை வளைத்துப் பொருத்திப் பொறி கண்ணை நாடாதபடி மறித்தார். வரைபடம் இல்லை, அளவுகோல்கூட இல்லை. பெரியப்பாவை நிற்கவைத்து, தோளையும் முழங்கையையும் தொட்டுப் பார்த்ததே அளவு. சட்டை தைப்பவர் உடலை அளப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

பராமரிப்பிலும் ஒரு முறைமை இருந்தது. கரிமருந்து எரிந்தபின் குழலில் படியும் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெறும் எண்ணெய் விட்டால் கசடு உள்ளேயே தங்கிவிடும். வெந்நீரை ஊற்றிக் கழுவ வேண்டும். சூடேறிய குழலே மிச்ச ஈரத்தை உலர்த்திக்கொள்ளும், அதன்பிறகுதான் எண்ணெய்த்துணி. வேட்டு வைத்த இரவில் எத்தனை மணியானாலும் பெரியம்மா அடுப்பு மூட்டி வெந்நீர் வைப்பார். குளிக்கவா குழலுக்கா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா பெரும்பாலும் ரவை போடாமல் வெறும் மருந்தையே கெட்டித்து வெடிப்பார். பன்றிக்கு அந்த ஓசை போதும். எனினும் உண்மையை மறைப்பதற்கில்லை. முயலும் கௌதாரியும் சில நாட்களில் சட்டிக்கு வந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றாகத் தடுக்கவில்லை. முயல், கௌதாரி போன்றவற்றைச் சிறு வேட்டை என்று ஓர் அட்டவணையில் வைத்து, உரிமம் பெற்றுச் சுடலாம் என்றே இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. ஊரில் அதற்கு முன்பு உரிமம் கேட்டவருமில்லை. அதன் பின்பு தடையைப் படித்தவருமில்லை. முயல் குறைந்ததைக் கண்டுதான் பெரியப்பா நிறுத்தினார். “அதுக்கும் ஒரு குடி இருக்குல்ல” என்பார்.

தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. குறிஞ்சித்திணையின் தொழில் என்று வகுப்பறையில் நாங்கள் சொல்லிவரும் தினைப்புனங் காத்தல் உண்மையில் பொழுதுபோக்கு அன்று, வயிற்றுப்பாடு. கிளி ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என மூன்று கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு பெயர் சுட்டிச் சொல்கிறது. பன்றிக்கு அடார் என்னும் கற்பொறி இருந்தது. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கிப் பல விலங்குகளைக் கடந்து, கடைசியில் ஓர் உடும்பைத் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். பெருவேட்டையைப் பாடிய புலவனும் முடிவில் வந்து நிற்பது சிறு வேட்டையில்தான். காவலும் வேட்டையும் ஒரே கையின் இரு வேலைகளாக இருந்த நிலம் இது.

மதுரைச் சீமையின் சிறு வேட்டைக்கு உரிய கருவி வளரி. வளைந்த தடி, முயலின் ஓட்டத்தைக் கணித்து வீசவேண்டியது. திருமணத்தின்போது மணமக்கள் வீட்டார் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிந்துள்ளார். 1801 டிசம்பரில், பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, கும்பெனி அரசு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து பிரகடனம் வெளியிட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் பக்கத்து முதியவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வெறும் காகிதமாக இல்லாமல் ஒரு மானப்பிரச்சினையாக இருந்ததன் காரணம் இந்த வரலாற்றில் கிடக்கிறது.

இதே கருவியை நம்பி வாழ்ந்த மற்றொரு மக்களையும் இங்கே நினைக்க வேண்டும். நரிக்குறவர்கள் தங்கள் நாட்டுத் துப்பாக்கியைத் தாங்களே பழுது பார்ப்பார்கள், கம்பி சுற்றுவார்கள், கட்டை மாற்றுவார்கள். கொக்கும் குருவியும் நரியும் அவர்களுக்குச் சோறு. சட்டம் வந்தது; வேட்டை போனது; கையில் பாசிமணி மிஞ்சியது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022இன் இறுதியில்தான் நிறைவேற்றியது. காட்டைக் காப்பதற்கான சட்டம் சரியானதே. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

மேலை நாடுகளில் இது ஓய்வுநேரக் கலை. 1887இல் அமெரிக்காவில் அறிமுகமான புள்ளி இருபத்திரண்டு தோட்டாவுக்குரிய பழைய ரைபிள்களைச் சந்தையில் வாங்கி, துரு நீக்கி, வாதுமை மரத்தில் புதிய கட்டை போட்டு, முயலுக்கும் அணிலுக்கும் கொண்டுபோவோர் அங்கே ஏராளம். தேய்ந்த குழலைக் குடைந்து, அதற்குள் வரியிட்ட மெல்லிய புதுக்குழலைச் செருகிப் பொருத்துவது இத்தொழிலின் நுட்பங்களுள் ஒன்று. பர்மிங்ஹாமின் பார்க்கர் ஹேல் நிறுவனம் அதற்குப் பெயர் பெற்றிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் புள்ளி இருபத்திரண்டைத் தொடுவது பெரும்பாலும் தேசிய மாணவர் படையில்தான். காகித இலக்கைச் சுட்டுவிட்டுக் காலித்தோட்டாவை எண்ணி ஒப்படைத்து வருவதோடு சரி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமன்றிப் பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் வேண்டும். குழலைக் குறுக்குவதற்கும் வேண்டும். எங்கள் ஆசாரியின் பட்டறையில் அப்படி ஒரு காகிதம் தொங்கியதில்லை. அவர் மகன் இப்போது இரும்புக் கதவுகளுக்குப் பற்றவைக்கிறார். நல்ல வருமானம். அப்பாவின் தொழில் தெரியுமா என்று கேட்டோம். “தெரிஞ்சு என்ன செய்ய?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியம்மா முன்பே போய்விட்டார். அவர் காலமானபின் சட்டப்படி துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. வாரிசுகள் உடன்பிறந்த நாங்கள் மூவர். நாங்கள் இருவர் சம்பளக்காரர்கள். மூத்தவர் மட்டும் அந்த மேட்டு நிலத்தை இன்னும் உழுகிறார். துப்பாக்கியைத் தம் பெயருக்கு மாற்ற விரும்பினார். அதற்கு மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கையெழுத்து தேவைப்பட்டது.

நாங்கள் தயங்கினோம். எங்கள் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும் அந்தக் காட்டுக்குச் செய்த கேட்டை நாங்கள் அறிவோம். குமுளிக்கு அப்பால் கேரளத்தில், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்போரை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முடிவு வேறு. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடுவார்கள். ஒன்று முதல் மூன்று வரை என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதியே இல்லை. எங்கள் நிலம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் கிடக்கிறது.

சுடவே கூடாத இடத்தில் துப்பாக்கி எதற்கு என்று கேட்டோம். அது குடும்பத்தின் நினைவுப்பொருள், காட்சியகம் போன்ற ஓரிடத்தில் இருக்கலாமே என்றும் சொன்னோம். புனங்காவல் மரபைப் பற்றியும் பேசினோம் என்று நினைவு.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். “பன்னி எறங்குனா ஒங்க புறநானூறா வந்து வெரட்டும்?” என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல், பக்கத்துத் தோட்டங்களில் நடப்பதைச் சொன்னார். இரவானால் வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். துப்பாக்கிக்குக் குறி வேண்டும். குறி வைக்க ஆள் விழித்திருக்க வேண்டும். கம்பிக்கு இரண்டும் வேண்டாம். பன்றி வந்தாலும் நாய் வந்தாலும் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதன் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். 2022 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சிறுத்தை வேலியில் சிக்கி இறந்ததை நாடறியும். “வேட்டு வச்சா அதுக்குப் போக ஒரு வழி இருக்கு. கம்பில அது இல்லையே” என்றார்.

காவல் என்ற சொல்லுக்கு நாங்கள் இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிவந்த பொருளைவிடத் தெளிவான பொருள் அந்த வாக்கியத்தில் இருந்தது. காப்பவன் விழித்திருக்க வேண்டும். வருவதற்குத் திரும்பிப்போக வழி விட வேண்டும். மீதியெல்லாம் பொறி.

நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். ஒரே ஒரு நிபந்தனை சொன்னோம்: வீட்டுக்குள் மருந்து வரலாம், ரவை வரக்கூடாது. அண்ணன் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். விண்ணப்பம் இன்னும் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது. கடலை இந்த ஆண்டும் பால் பிடித்துவிட்டது. அண்ணன் இரவில் தகரத்தைத் தட்டிக்கொண்டு பரண்மேல் உட்கார்ந்திருக்கிறார்.