பத்துக்குப் பத்து எடுத்த அல்பம்

வில்கோவின் 'யாங்கி ஹோட்டல் ஃபொக்ஸ்ட்ரொட்' அல்பத்தை நாங்கள் தேடிக் கேட்டது பாட்டுக்காக இல்லை, புள்ளிக்காக. 2002இல் பிட்ச்ஃபோர்க் தளம் அதுக்குப் பத்துக்குப் பத்து குடுத்திருந்தது. விமர்சனம் எழுதுற ஆக்களுக்கு அப்பிடி ஒரு புள்ளியைக் கண்டால் சும்மா இருக்கேலாதுதானே.

முதல் தரம் கேட்டபோது குழம்பித்தான் போனோம். பாடகர் ஜெஃப் ட்வீடி முன்பு இருந்த அங்கிள் டுபெலோ, கன்ட்ரி இசையையும் பங்க்கையும் கலந்து 'ஓல்டர்நேட்டிவ் கன்ட்ரி' என்ற வகைக்கே வழி போட்ட குழு. இங்கேயோ கிற்றார் மெல்ல ஒலிக்க, றேடியோ இரைச்சல் மாதிரி ஒண்டு வந்து அதை மூடுது.

பிறகு கதையை வாசிச்சோம். 2001இல் ரீப்ரைஸ் கொம்பனிக்கு இந்த அல்பம் பிடிக்கவில்லை. வில்கோ ஒலிநாடாக்களோடு வெளியேறி, அந்த செப்டெம்பரில் தங்கள் தளத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கேட்கவிட்டது. 2002 ஏப்ரலில் நொன்சச் அதை வெளியிட்டது. இரண்டுமே வோர்ணர் குழுமத்துக்குள் இருந்த கொம்பனிகள்! பில்போர்ட் பட்டியலில் 13ஆம் இடம். வில்லேஜ் வொய்ஸ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அந்த வருசத்தின் முதலிடம். கொம்பனி தோத்தது, கலைஞர்கள் வென்றார்கள். எங்களுக்கும் அந்தக் கதைதான் பிடிச்சது.

ஆனால் இந்த அல்பம் உருவானதைப் பற்றி சாம் ஜோன்ஸ் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்த இரவு கதை மாறிப்போச்சு. அதில் ட்வீடியும் ஜே பென்னற்றும் ஒரு பாட்டில் இருந்து அடுத்த பாட்டுக்குப் போற சில செக்கன்களைப் பற்றி வாக்குவாதப்படுகினம். ட்வீடி எழும்பிப் போய் வாந்தி எடுக்கிறார். பென்னற் பல பாடல்களை ட்வீடியோடு சேர்ந்து எழுதியவர், கனக்க வாத்தியங்கள் வாசித்தவர். கடைசியில் ஒலிக்கலவை ஜிம் ஓ'றூக்கிடம் போனது. பென்னற் குழுவை விட்டு அனுப்பப்பட்டார். 2009இல், 45 வயதில், செத்துப்போனார்.

படம் முடிஞ்சும் எங்களில ஒருத்தரும் கதைக்கேல்ல. எங்கட முதல் ஒலித்தொடரைச் செய்தபோது எங்களோடு ஒருவன் இருந்தான். ஒலியெல்லாம் அவன்தான் வெட்டி ஒட்டினவன். ஓர் இடத்தில் பத்து செக்கன் மௌனம் வேணும் எண்டு அவன் நிண்டான், வேண்டாம் எண்டு நாங்கள் நிண்டோம். அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. பிறகு தொடரை ஆக்கள் பாராட்டினபோது, மண்டபம் கிடைக்காததையும் காசு இல்லாமல் திரிஞ்சதையும்தான் எல்லா இடமும் சொன்னோம். அவனைப் பற்றி எங்கேயும் சொல்லவில்லை.

இதனால் அல்பத்தின் தரம் குறையாது. எத்தனையோ தரம் கேட்டபிறகு அந்த இரைச்சலும் பிடிபட்டிட்டு. இப்ப நாங்களும் பத்துக்குப் பத்துத்தான் குடுப்போம். ஆனால் புள்ளி வந்து சேர்ந்த இடத்துக்குத்தான். வழியில் இறங்கிப் போனவரை அது கணக்கெடுக்காது. அதைச் சொல்லுறது எழுதுற ஆக்களின்ர வேலை.

போன கிழமை தொடரின் விபரத்தில் அவன்ர பெயரைச் சேர்த்தோம். இந்த அல்பத்தையும் அவனுக்கு அனுப்பினோம். பாத்திட்டான். பதில் இன்னும் வரேல்ல.