கண்டல் நடுவதற்கு முன் வரம்பை வெட்டுவோம்



கொஞ்சம் நீண்ட பதிவு. களப்போரம் காணி உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள். காணி இல்லாதவர்கள், இருக்கிற உறவுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

ஜூலை 26 உலகக் கண்டல் தினம். அந்த நாள் வந்தால் எங்கும் கன்று நடுகைதான். பிள்ளைகள் சேற்றில் சந்தோசமாக இறங்குவார்கள், படம் எடுக்கப்படும். அதற்குப் பிறகு? எங்கள் நாட்டில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடுகை நடந்த பரப்பு 1000 ஹெக்டேயருக்கு மேல். தப்பியதோ 200 சொச்சம். தண்ணீர் மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததும் பெரிய காரணங்கள்.

புத்தளம் களப்பைச் சுற்றி எங்களுக்கு இருக்கும் குறை கன்றுக் குறை அல்ல. கண்டல் இன்னும் இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக. இங்கே ஒரு கீற்று, பிறகு கைவிட்ட இறால் பண்ணை, அதற்கப்பால் இன்னொரு கீற்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெட்டிய பண்ணைகள் அவை. அந்தக் காசில் வீடு கட்டினவர்கள், குமர் கரைசேர்த்தவர்கள், ஹஜ்ஜுக்குப் போனவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. டச்சு வாய்க்காலில் ஒரு பண்ணை கழித்த தண்ணீரையே அடுத்த பண்ணை உள்ளே எடுத்தது, நோயும் அதே வழியில் போனது. தொழிலை விட்டுப் போனவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் போட்ட வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த வரம்புதான் விசயம். கண்டல் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கி, விழுந்து, மிதந்து போய் ஒதுங்கிய இடத்தில் வேர் பிடிக்கும். கண்ணாவின் விதை அவரைக்கொட்டை அளவுதான், அதுவும் மிதந்துதான் போகும். யாரும் நடத் தேவையில்லை, தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்கும். வரம்பு நின்றால் விதை உள்ளே வராது. வெயிலில் உள்ளே உப்புப் பூத்துவிடும், கிண்டிப் போட்ட மண் புளித்துவிடும். எங்கள் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட இல்லை, ஆகவே நாலு விரல் உயர வித்தியாசமே ஒரு கன்றைக் காய வைக்கவோ மூழ்கடிக்கவோ போதும். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் நண்டும் கண்டல் வேருக்குள்தான் வளர்கின்றன. கீற்றுகள் அறுந்து கிடந்தால் அவை ஒதுங்கும் இடம் குறைந்துகொண்டே போகும். களப்பில் வலை போடுகிற எங்கள் நானாமாருக்கு இதை நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, இரண்டு கீற்றை இணைக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை இணைக்க வேண்டும். பெக்கோ ஒன்றை இறக்கி, சரியான இடம் பார்த்து வரம்பை வெட்டி, பழைய ஓடையைத் திறந்துவிட வேண்டும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே ஆனைவிழுந்தான் சரணாலயத்தில், கைவிட்ட இறால் பண்ணைகளில் வயம்ப பல்கலைக்கழகத்தார் இந்த வழியில்தான் வேலை செய்கிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபை அங்கீகரித்த ஏழு உலக மீளுருவாக்கத் திட்டங்களில் இலங்கையின் கண்டல் திட்டமும் ஒன்று.

ஆனால் அது அரசாங்கச் சரணாலயம். எங்கள் பக்கம் அப்படியா? ஒன்று உறுதிக் காணி, அடுத்தது குத்தகை, அதற்கடுத்தது வாப்பா மௌத்தாகி ஆறு பிள்ளைகளுக்குப் பங்கு பிரிபட்டது, அதில் இருவர் கட்டாரில். ஒருவர் வெட்டி மற்றவர் வெட்டாவிட்டால் தண்ணீர் நடுவழியில் நின்றுவிடும்.

காணிக்காரர் தயங்குவது எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். "மரம் முளைச்சா காணி என்ட கையை விட்டுப் போயிரும்." கண்டலை வெட்டுவது சட்டப்படி குற்றம், எனவே இது வீண் பயம் இல்லை. வில்பத்து விவகாரத்தில் காடு என்ற பேரில் எங்கள் சமூகம் கேட்ட பேச்சும் மறக்கவில்லை. ஆகவே காடு வளர்ப்போம் வாருங்கள் என்று வெறும் கையோடு அவர்களிடம் போவது சரியில்லை. பிரதேச செயலகத்தையும் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் வைத்து, உரித்து யாருக்கு, எந்தத் துண்டு விடப்படுகிறது, எந்தத் துண்டில் தொழில் தொடரலாம் என்று முதலில் எழுத்தில் எடுக்க வேண்டும். வரம்பை வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

பல சொந்தக்காரர் ஒன்றுசேர்வது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஒரு காலத்தில் ஒரே விரிப்பாகக் கிடந்த பற்றைநிலம் விவசாயத்தாலும் பைன் தோட்டங்களாலும் துண்டாடப்பட்டது. அங்கே பேர்பெக் என்ற இடத்தில் 2020இல் அரச நிறுவனம், தொண்டு அமைப்பு, தனியார் எஸ்டேட் என ஏழு தரப்பார் தங்கள் நிலங்களைச் சேர்த்து 3331 ஹெக்டேயரை ஒரே ஒதுக்கிடமாக்கினார்கள். யாரும் காணியை எழுதிக் கொடுக்கவில்லை. உரித்து அவரவருக்கே, பராமரிப்பு மட்டும் பொது. எங்களுக்கு ஏழு தரப்பு வேண்டாம், அடுத்தடுத்துள்ள மூன்று காணி கிடைத்தால் தொடங்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். களப்போரம் வக்பு காணி சும்மா கிடந்தால் அதை முதல் காணியாகத் தாருங்கள். பள்ளி முன்னுக்கு வந்தால் மற்றவர்களின் தயக்கம் பாதி குறையும்.

இன்ஷா அல்லாஹ், மாரி மழைக்கு முன்னர் காணிக்காரர்களோடு ஒருநாள் அஸருக்குப் பிறகு இருந்து பேச நினைக்கிறோம். உறுதி, பேமிட் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. உங்கள் வரம்பு எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும், செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் ஒருமுறை நடந்து பார்ப்போம்.