நாலு சில்லும் சுத்தினால் போதுமா?

டாவோஸ் எண்டால் ஊரில செய்தி பார்க்கிறவர்களுக்கு ஜனவரி மாதம் உலகப் பொருளாதார மன்றம் கூடுகிற இடம். எங்களுக்கு அது வேலை செய்கிற இடம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,560 மீற்றர் உயரம். நுவரெலியா இதைவிட உயரம் எண்டு சொன்னால் இங்க ஒருத்தரும் நம்புறேல்ல. ஆனால் நுவரெலியாவில சுவெற்றரோட சமாளிக்கலாம், டாவோசில நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஸ்னோ. அதை நம்பித்தான் ஊரே ஓடுது. பாசென், யாக்கொப்ஸ்ஹோர்ண் எண்டு சுத்திவர எல்லா மலையிலயும் ஸ்கீ. சனம் வந்து சறுக்கும், நாங்கள் அந்தச் சனத்துக்குச் சமைப்போம், படுக்கை விரிப்பு தோய்ப்போம், காலமைச் சாப்பாட்டு மேசை அடுக்குவோம்.

நாங்கள் மூண்டு பேர். ஒராள் குசினி, ஒராள் லொண்டரி, ஒராள் காலமைச் சாப்பாட்டுப் பக்கம். டாவோசில வாடகை எங்கட சம்பளத்துக்குக் கட்டாது. மலை ஊர்களில பாதி வீடுகள் வருசத்தில சில கிழமை மட்டும் திறக்கிற விடுமுறை வீடுகள் எண்டுதான் தோன்றும். 2012இல் சுவிஸ் சனம் வாக்குப் போட்டு, ஒரு ஊரில அப்படியான இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது எண்டு சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் வேலைக்காரருக்கு வீடு கிடைக்கிறது இண்டைக்கும் கஷ்டம். அதனால நாங்கள் கீழே, குயூப்லிஸ் எண்ட சின்ன ஊரில இருக்கிறோம். மேலே வர நல்ல ரயில் இருக்கு, ஆனால் விடிய ஐந்து மணி வேலைக்கும் இரவு குசினி கழுவி முடிகிற நேரத்துக்கும் அது பொருந்தாது. இரண்டு தரம் பிந்திப் போனால் அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனாலதான் கார்.

மூண்டு பேரும் சேர்த்தது 7,000 பிராங்க். இந்தக் காசுக்கு என்ன கார் வாங்கலாம் எண்டு கேட்டதுதான் தாமதம், சூரிச் பக்கம் இருக்கிற மாமாவிலிருந்து யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மா வரைக்கும் எல்லாரும் நிபுணர்கள். மாமா சொன்னார், "சுவிசில இருந்துகொண்டு ஜேர்மன் கார் வாங்காமல் வேற என்னத்தை வாங்கப் போறியள்?" அவர் காட்டியது பின் சில்லு இழுக்கிற, கறுப்பு நிற, பழைய ஆடம்பரக் கார். இன்னொரு பெடியன், "ஃபோர் வீல் எண்டால் சரி, வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ" எண்டான். அம்மாவுக்குப் படம் வேணும். கார் பெரிசோ சின்னனோ, பின்னுக்கு மலை தெரியிற மாதிரி ஒரு படம்.

எங்களோட குசினியில வேலை செய்கிற போர்த்துக்கீசக்காரர் ஒருவர் இருக்கிறார். டாவோசில இருபது வருசத்துக்கு மேல். அவர் எந்தக் கார் எண்டே கேட்கேல்ல. "ரயருக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறீங்கள்?" எண்டு கேட்டார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

அவர் கேட்டது ஏன் சரியான கேள்வி எண்டு விளங்க ஏ.எல் இணைந்த கணிதம் காணும். (டியூசனுக்குக் கொட்டின காசு ஒருக்காவது வேலைக்கு வந்தது.) ஓடுகிற கார் பிரேக் பிடித்து நிக்க எவ்வளவு தூரம் வேணும்? வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி இரண்டால் பெருக்கினதால் பிரிக்க வேணும். காய்ந்த தார் ரோட்டில உராய்வுக் குணகம் 0.8 அளவு எண்டு எடுங்கோ. 50 கிலோமீற்றர் வேகத்தில 12 மீற்றர் அளவில கார் நிக்கும். அமர்ந்து இறுகின ஸ்னோவில 0.25 எண்டால் 40 மீற்றர். வெறும் ஐஸில 0.1 எண்டால் 100 மீற்றருக்குக் கிட்ட. காலைத் தூக்கி பிரேக்கில வைக்க ஒரு செக்கன் எடுத்தால் இன்னொரு 14 மீற்றர் கூட்டிக்கொள்ளுங்கோ. இந்தச் சமன்பாட்டில காரின்ர திணிவு வெட்டுப்பட்டுப் போகுது. விலையும் இல்லை. எத்தனை சில்லை என்ஜின் சுத்துது எண்டதுக்கும் இடம் இல்லை. மிஞ்சுறது ரெண்டே விஷயம்: உங்கட வேகம், உங்கட ரயருக்கும் ரோட்டுக்கும் இடையில இருக்கிற பிடிப்பு. எல்லாக் காருக்கும் பிரேக் நாலு சில்லிலதான்.

நாலு சில்லும் இழுக்கிற கார் உதவாது எண்டு சொல்லேல்ல. ஏத்தத்தில நிப்பாட்டிப் போட்டுத் திரும்ப வெளிக்கிட, கலப்பை வாகனம் வழிக்காத ஒழுங்கையிலிருந்து வெளியே வர, அது பெரிய உதவி. எங்கட ஹொட்டேலில வேலைக்காரர் நிப்பாட்டுற இடம் ஒரு செங்குத்தான சரிவுக்கு மேல. முன் சில்லு மட்டும் இழுக்கிற கார்கள் அதில பாதியில நிண்டு சில்லைச் சுத்துறதை ஒவ்வொரு காலமையும் பார்க்கலாம். அதனால எங்களுக்கும் அது தேவைப்பட்டது. பிரச்சினை என்னெண்டால், ஏறும்போது அது தருகிற தைரியத்தை இறங்கும்போது அது காப்பாத்தாது. மேலே வழுக்காமல் போனதால கீழேயும் வழுக்காது எண்டு மூளை நம்பத் தொடங்குது.

விளம்பரங்களும் அப்படித்தான், எப்பவும் ஏறுறதையே காட்டும். 1986இல் ஔடி தன்ர குவாட்ரோ காரை பின்லாந்தில ஒரு ஸ்கீ பாய்ச்சல் மேடையில ஏத்திப் படம் பிடித்தது. பார்த்தால் இண்டைக்கும் வாய் பிளக்கும். சுவிசில சுபாரு காருக்குப் பல பத்தாண்டுகளாக விளம்பர முகம் பேர்ன்ஹார்ட் ருஸ்ஸி, 1972 சப்போரோ ஒலிம்பிக்கில ஸ்கீ இறக்க ஓட்டத்தில தங்கம் எடுத்தவர். இங்க மலை ஊர்களில சுபாரு நிறைந்துகிடக்கிறதுக்கு அவரும் ஒரு காரணம் எண்டு சொல்லுவார்கள். அவர் இறங்கிக் காட்டின மனிசர் எண்டது எங்களுக்குப் பிடிச்சிருந்தது. 1983இல் வந்த ஃபியற் பண்டாவின்ர நாலு சில்லு இழுவை வகையும் அல்ப்ஸ் மலையில பேர்போனது. சின்ன, தகரப் பெட்டி மாதிரிக் கார். பாரம் குறைவு, ரயர் ஒடுக்கம். மெல்லிய ஸ்னோவில ஒடுக்கமான ரயர் உள்ளே வெட்டிக்கொண்டு ரோட்டைத் தொடும். அகலமான ரயர் மேலே மிதக்கப் பார்க்கும். மாமாவின்ர கறுப்புக் காருக்கு இருந்தது பார்க்க வடிவான, அகலமான ரயர்.

இப்ப ரயர். ஊரில எங்களுக்குத் தெரிந்தது ரயர் தேய்ந்ததோ இல்லையோ எண்டது மட்டும்தான். இங்க ரப்பரே வேற. கோடைகால ரயரின்ர ரப்பர் 7 பாகைக்குக் கீழ இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின்ர ரப்பர் குளிரிலயும் மெத்தெண்டு இருக்கும், அதோட மேற்பரப்பு முழுக்க பிளேட்டால கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள். அந்த வெட்டுகள் ஸ்னோவைக் கடிச்சுப் பிடிக்கும். ரயரின்ர பக்கவாட்டில மூண்டு சிகரம் உள்ள மலைக்குள்ள ஒரு பனிச் செதில் வரைந்திருக்கும், அந்த அடையாளம் இல்லாட்டில் வாங்காதேங்கோ. நாலும் ஒரே வகையாக இருக்க வேணும். முன்னுக்கு மட்டும் நல்லதைப் போட்டால் வளைவில பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும்.

சுவிசில குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம் இல்லை எண்டது எங்களுக்கே ஆச்சரியம். பக்கத்து ஒஸ்ரியாவில நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால ரோட்டுக்குக் கட்டாயம். இங்க சட்டம் சொல்லுறது, வாகனம் உன்ர கட்டுப்பாட்டில இருக்க வேணும் எண்டு மட்டும்தான். கோடை ரயரோட போய் இடித்தால் காப்புறுதிக்காரர் குடுத்த காசை உங்களிட்டயே திருப்பிக் கேட்கலாம். சனத்திட்ட ஒரு வழக்கம் இருக்கு: 'ஓ முதல் ஓ வரை'. ஒக்ரோபரிலிருந்து ஓஸ்ரர்ண் வரைக்கும், ஓஸ்ரர்ண் எண்டால் ஜேர்மனில உயிர்த்த ஞாயிறு. சட்டப்படி ரயரின்ர பள்ளம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் காணும், ஆனால் ஸ்னோவுக்கு 4க்குக் கீழ போனால் மாத்தச் சொல்லுவார்கள்.

கார் பார்க்கப் போன கதை. ஒரு விற்பனையாளர், "எட்டு ரயர், குளிர்காலத்துக்கும் சேர்த்து" எண்டு பெருமையாகச் சொன்னார். பள்ளமும் நல்லாத்தான் இருந்தது. ரயரில டொட் எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசியில நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டும் கிழமை, பிந்தின ரெண்டும் வருசம். 3521 எண்டால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. அவர் காட்டின ரயருக்கு வயது ஒன்பது. பழசாகின ரப்பர் குளிரில கல்லுத்தான். நாங்கள் இலக்கத்தைச் சுட்டிக்காட்ட, அவர் முகத்தை மாத்திக்கொண்டு அடுத்த ஆளிட்டப் போயிட்டார். இன்னொரு இடத்தில காருக்குக் கீழே ரோச் அடித்துப் பார்த்தோம். ரோட்டுக்குப் போடுற உப்பு அடிப்பாகத்தைத் தின்றிருந்தது. வெளியே பளபளப்பு.

கடைசியில எடுத்தது 2012ஆம் ஆண்டு சுசூக்கி சுவிப்ற், நாலு சில்லும் இழுக்கிற வகை. வழமையாக முன் சில்லுதான் இழுக்கும், அது வழுக்கினால் பின் சில்லுக்கும் இழுவை போகும். வளைவில வழுக்கினால் தனித்தனிச் சில்லைப் பிரேக் பிடித்துக் காரை நேராக்கிற இ.எஸ்.பி வசதியும் இருக்கு. 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பாவில விற்ற எல்லாப் புதுக் காரிலயும் அது இருக்க வேணும், அதுக்கு முந்தின கார் எண்டால் கேட்டுப் பார்த்து வாங்க வேணும். கார் 5,800 பிராங்க். புது ரயர் நாலும் பூட்டுக் கூலியும் 560. மிச்சம் காப்புறுதிக்கு. லொண்டரிக்காரர் தன்ர இலங்கை லைசென்ஸை ஏற்கனவே மாத்தியிருந்தார், பன்னிரண்டு மாதத்துக்குள்ள ஒரு பரீட்சை ஓட்டம் ஓடிக் காட்ட வேணும், அதில தவறினால் திரும்ப ஓட விடமாட்டார்கள், முதலிலிருந்து பழக வேணும். ஊரில இடப்பக்கம் ஓடின கைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

படம் அனுப்பினோம். அம்மாவின்ர குரல் செய்தி: "ஊரில ஓடுற சுசூக்கியை வாங்கவோ சுவிசுக்குப் போனனீங்கள்?" மாமா ஒண்டும் சொல்லேல்ல, அது இன்னும் மோசம். அம்மாவைக் குறை சொல்ல ஏலாது. 2020இல் இறக்குமதியை நிப்பாட்டின பிறகு ஊரில பழைய வாகனமே காணி விலைக்குப் போனது. அங்க கார் ஒரு சொத்து, ஒரு மரியாதை. அதே யாழ்ப்பாணத்தில 90களில பெற்றோல் இல்லாத காலத்தில, காபுரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின பழைய ஒஸ்ரின்களும் இருந்தது. அப்ப ஒருத்தரும் மொடல் கேட்கேல்ல, ஓடுமோ எண்டுதான் கேட்டது. இதை அம்மாவுக்குச் சொன்னோம். "அது வேற காலம்" எண்டா.

எங்கட ரோட்டைக் கொஞ்சம் சொல்ல வேணும். குயூப்லிஸிலிருந்து டாவோசுக்கு 700 மீற்றருக்கு மேல் ஏத்தம். கீழே மழை பெய்யும், குளோஸ்ரர்ஸ் தாண்ட அதே மழை ஸ்னோ. குளோஸ்ரர்ஸுக்கு முன்னால சுன்னிபெர்க் பாலம், கிறிஸ்ரியான் மென் வடிவமைத்தது, 526 மீற்றர், வளைந்து போகிறது. பகலில பார்த்தால் அவ்வளவு வடிவு. விடியப்புறம் அதைப் பார்க்கிற மனநிலை எங்களுக்கு இல்லை. பாலத்துக்குக் கீழாலயும் குளிர் காத்து அடிக்கிறதால மற்ற ரோட்டுக்கு முதல் அதுதான் உறையும். அது முடிய கொட்ஷ்னா சுரங்கம். உள்ளே காய்ந்த ரோட்டு, வெளிச்சம், கால் தானாகவே அமத்தும். வெளியே வந்த உடனே வெள்ளை. பிறகு 1,631 மீற்றரில வூல்ஃப்காங் கணவாய். அங்கயிருந்து இரவில திரும்பி இறங்கும்போதுதான் வேலைக்களைப்போட கண் சொருகும். ஒருவர் ஓட, மற்றவர்கள் நித்திரை கொள்ளக்கூடாது எண்டது எங்கட வீட்டுச் சட்டம்.

டிசம்பரில ஒரு இரவு, ஏறும்போது எங்களை வெட்டி முந்திக்கொண்டு போன பெரிய கறுப்பு ஜீப் ஒண்டை, இறங்கும்போது வளைவுக்கு வெளியே ஸ்னோக் குவியலுக்குள்ள மூக்குக் குத்தி நிக்கக் கண்டோம். ஒருத்தருக்கும் காயம் இல்லை. ஓடினவர் கைபேசியோட நிண்டார். நாங்கள் முன்கூட்டியே இரண்டாம் கியருக்கு இறங்கி, முப்பதில, பின்னுக்கு வந்தவன் ஹோர்ண் அடிக்க அடிக்க வந்துகொண்டிருந்தோம். அந்த ஹோர்ணுக்கு இப்ப பழகிவிட்டோம்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம். கண்ணாடியில ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிப் போட்டு ஓடினால் தண்டம், முழுக்க வழிக்க வேணும். கூரையில ஸ்னோவை விட்டால் பிரேக் பிடிக்கேக்க முன்கண்ணாடியில வந்து விழும். சூடாக்கிறதுக்கு எண்டு காரை ஸ்ரார்ட்டில விட்டுட்டு நிக்கவும் சட்டம் விடாது, அதனால கால் மணி முந்தி எழும்ப வேணும். கடும் குளிரில கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் காலமை உறைந்துபோய்க் கிடக்கும், கியரில விடுங்கோ. பற்றரியைக் குளிருக்கு முதல் சோதிப்பியுங்கோ. சங்கிலியை வாங்கினால் வீட்டு வாசலில ஒருக்காப் பூட்டிப் பழகுங்கோ. மைனஸ் 12 பாகையில, இருட்டில, கையுறையைக் கழட்டிப் போட்டு வழிகாட்டிக் கடுதாசி வாசிக்கிற சீவன்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஏப்ரலில ரயர் மாத்தப் போனபோது, கழட்டின குளிர்கால ரயரை வைக்க வீட்டில இடமில்லை எண்டோம். கராஜ்காரர், "சில்லு ஹொட்டேலில விடுங்கோவன்" எண்டார். உண்மையாகவே அப்படித்தான் பெயர். கழுவி, துடைத்து, இருட்டறையில, ஒவ்வொண்டிலயும் எந்தச் சில்லு எண்டு எழுதி, ஒக்ரோபர் வரைக்கும் வைத்திருப்பார்கள். காசு கட்டிப்போட்டுத் துண்டை வாங்கி, மூண்டாகப் பிரித்துக் கணக்குக் கொப்பியில எழுதியாச்சு.