கீழ் வீட்டுக்குக் கேட்காத கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வயிறு கிடையாது. சாதாரண கிட்டாரில் குடைந்த பெட்டி இருக்கிறது. தந்தி அதிர்ந்தால் பெட்டியும் சேர்ந்து அதிர்ந்து சத்தத்தைப் பெரிதாக்கும். இதுவோ முழுப் பலகை. தனியாக வாசித்தால் கொசு முனகுகிற மாதிரிதான் கேட்கும். அதற்குக் குரல் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். அதனால், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் கிட்டார் வாங்கிய அன்றைக்கே என் மகள், "அம்மா, அடுத்து ஆம்ப்" என்றாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் இரண்டாவது தளம். நேர் கீழே இருக்கும் தாத்தாவுக்குப் போன வருடம்தான் பைபாஸ் நடந்தது. ராத்திரி சரியாகத் தூக்கம் வராமல் மதியத்தில் கண் அயர்கிறவர். என் மகளை எல்.கே.ஜி. போன நாளிலிருந்து பார்க்கிறார். தலைக்கு மேல் என்ன சத்தம் கேட்டாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்பதுதான் என் கவலையே.

என் தம்பி ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கோயில் திருவிழாக்களுக்கு வாசித்தவன். "வாங்கறதுதான் வாங்கற, 100 வாட்ஸா வாங்கிடுக்கா. நாளைக்கு மேடை ஏறினா உதவும்" என்றான். மேடை ஏறுகிற அன்றைக்கு மேடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

இந்த வாட்ஸ் கணக்கு வேடிக்கையானது. 10 வாட்ஸைவிட 100 வாட்ஸ் பத்து மடங்கு சத்தம் போடாது. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். அதாவது, சின்ன ஆம்ப்பும் ஒரு அறைக்குத் தாராளம். 1970-ல் வந்த 'லைலா' ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் வாசித்ததே ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டி ஆம்ப்பில்தான் என்று என் மகள் எடுத்துச் சொன்னதும் தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான்.

அடுத்தது வால்வு ஆம்ப். பழைய வால்வு ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடிக் குழல்கள் இருக்கும். இனிமைக்குப் பேர் போனது. ஆனால், நன்றாகத் திருகிவைத்தால்தான் அந்த இனிமை முழுசாக வெளியே வரும். கீழ் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அது நமக்கு எதற்கு? கனம், விலை எல்லாமும் கூடுதல். டிஜிட்டல் முறையில் பல ஆம்ப்களின் குரலைத் தானே உண்டாக்கும் 'மாடலிங்' ஆம்ப்தான் வீட்டுக்குச் சரி என்று முடிவுசெய்தோம். எக்கோ மாதிரியான எஃபெக்ட்களும் உள்ளேயே இருப்பதால் பெடல்களுக்குத் தனிச் செலவு இல்லை.

கடைக்கு அவளுடைய கிட்டாரையே எடுத்துப் போனோம். கடைக்கார இளைஞர் சத்தத்தைக் கூட்டி ஒரு ஆம்ப்பை அலறவிட்டார். எல்லாமே சத்தமாக வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். "தம்பி, ரொம்பக் குறைச்சு வைங்க. அப்ப எது நல்லா இருக்குன்னு பார்க்கணும்" என்றேன். குறைத்ததும் சில ஆம்ப்கள் தகர டப்பாவாகிவிட்டன. கடைசியில் போஸ் கட்டானா 50 எடுத்தோம். 12 அங்குல ஸ்பீக்கர். 50, 25, 0.5 வாட்ஸ் என்று மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்போனும் மாட்டலாம். நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைதான். பாதி அவள், பாதி நான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழே போய், "தாத்தா, உங்க ரூம்ல அஞ்சு நிமிஷம் நிக்கணும்" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கட்டிலில் இடம் விட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கூட்டு... போதும், குறை" என்று மேலே இருப்பவளை ஆட்டிவைத்தேன். பாட்டு கேட்பதற்கு முன்பே 'தும்... தும்...' என்ற அதிர்வுதான் கூரை வழியாக இறங்கியது. தடித்த நாதம் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி, மடித்த ஜமுக்காளம் போட்ட நாற்காலியில் வைக்கச் சொன்னேன். பெரும்பாலும் அடங்கிவிட்டது. தாத்தாவின் அறையில் ஒன்றுமே கேட்காத இடம் எதுவென்று பார்த்து, வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் அந்த அளவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பொட்டும் கிடையாது, ஹெட்போன்தான்.

சனிக்கிழமை மாலைகளில் இரண்டு தோழிகள் வருகிறார்கள். ஒருத்தி கஹோன் என்ற மரப்பெட்டி மேளத்தின் மேல் உட்கார்ந்து தட்டுவாள், இன்னொருத்தி கீபோர்டு. அதற்கு 25-ஐத் தாண்டியதே இல்லை. கீபோர்டையும் மைக்கையும் இதிலேயே சொருகலாமா என்று கேட்டார்கள். செருகினால் சத்தம் வரும், தெளிவு வராது. கிட்டார் ஸ்பீக்கர் மிக மெல்லிய நாதத்தை விழுங்கிவிடும். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். அவற்றுக்குத் தனி ஸ்பீக்கர் கொண்டுவரச் சொல்லிவிட்டோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கிட்டாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்த பிறகுதான் பிளக்கைச் சொருகவே விட்டேன். ஃபேனைச் சுழற்றினால் வருகிற 'ங்ம்ம்' ஓசைக்குப் பழைய ரெகுலேட்டரே காரணம் என்று அதையும் அவரே மாற்றிக் கொடுத்தார்.

பொங்கலுக்கு வந்த தம்பி, "0.5 வாட்ஸா!" என்று கிண்டல் செய்தபடியே உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பொட்டையும் தாண்டவில்லை. கிளம்பும்போது மாடல் பெயரை போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.