எங்கள் வீட்டில் ஒரு சிறு கடல்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது முதுமொழி. ஆழம் ஒன்றேகால் அடிதான் என்றாலும் இம்மொழி பொய்க்காது என்பதை நாங்கள் பட்டறிந்தோம். அந்த அனுபவத்தைப் பள்ளி மலரின் வாயிலாகத் தோழியருக்குச் சொல்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் பயிலும் சகோதரியர். எங்கள் தாத்தா தூத்துக்குடிக் கடலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மீன் பிடித்தவர். பக்கவாதத்தால் அவருடைய வலது கால் செயலற்றுப்போனது. கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரந்தான். ஆயினும் அவருக்கு அது எட்டாத தூரமாகிவிட்டது. கட்டிலில் படுத்தபடி அலையோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். தாத்தா கடலுக்குப் போக முடியாவிட்டால் என்ன, கடலை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று நாங்கள் தீர்மானித்தோம்.

வீட்டில் ஒரு பழைய கண்ணாடித் தொட்டி கிடந்தது. இருபது லிட்டர் பிடிக்கும். உப்புக்குப் பேர்போன ஊரில் உப்புக்கா பஞ்சம்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு என்று படித்திருந்தோம். அந்தக் கணக்கில் குழாய்த் தண்ணீரில் அளத்து உப்பைக் கரைத்து, மாமா கொண்டுவந்த இரண்டு சிறு மீன்களை விட்டோம். மறுநாள் காலையில் இரண்டும் செத்து மிதந்தன.

"நான் பிடிச்சதெல்லாம் வயித்துப் பாட்டுக்கு. இது ரெண்டும் எதுக்குச் செத்துச்சு, பிள்ளைகளா?" என்று தாத்தா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவு செபமாலை சொல்லும்போதும் அந்தக் கேள்வியே நெஞ்சில் நின்றது.

அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரியிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடுகிறது, பின்னர்ச் சாதாரண உப்பு விளைகிறது, மக்னீசியம் போன்றவை கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகின்றன என்று விளக்கினார். அளத்து உப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது என்பது அப்போதுதான் விளங்கிற்று. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினும் மீனுக்குத் தீங்கு என்றார்.

பிரான்சு நாட்டில் பிறந்த ழான் வில்பிரூ பவர் என்னும் பெண்மணியைப் பற்றியும் சொன்னார். தையற்கலையில் தேர்ந்த அவர் சிசிலித் தீவில் குடியேறி, கடலுயிர்களை உயிரோடு ஆராய்வதற்காக 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். ஆர்கோனாட் என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறது என்று அவற்றைக் கொண்டே நிறுவினார். ஒரு பெண் தனித்து நின்று செய்ததை நாம் இருவர் சேர்ந்து செய்யலாகாதா என்று ஊக்கம் கொண்டோம்.

ஆச்சி சீட்டுப் பணத்திலிருந்து 15,000 ரூபாய் தந்தார். மீனின் உயிருக்கு வேண்டியதை முதலில் வாங்குவது, கண்ணுக்கு அழகானதைக் கடைசியில் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

முதலில் தொட்டி. சிறிய தொட்டியே புதியவர்க்கு எளிது என்று எண்ணியிருந்தோம். உண்மை நேர்மாறானது. நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் அழுக்கும் விரைந்து மாறும். "கடல் பெரிசு, அதனால பொறுத்துக்கும்" என்றார் தாத்தா. ஆகவே மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியை வாங்கினோம். அதில் 120 லிட்டர் ஊற்றினால் நீர் மட்டுமே 123 கிலோ. அதற்கேற்ற இரும்புத் தாங்கியும் செய்வித்தோம்.

துறைமுகத்தை விட்டு வெகுதூரம் சென்று மாமா தம் படகில் கடல்நீர் கொண்டுவந்தார். அதைத் துணியில் வடிகட்டினோம். பித்தளைக் குடத்தை எடுத்த ஆச்சியைத் தடுத்தோம். பித்தளையில் தாமிரம் உண்டு, அது சிறிதளவு கரைந்தாலும் இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. பிளாஸ்டிக் குடமே ஏற்றது. நீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் சோதித்து 1.025 என்று உறுதி செய்துகொண்டோம்.

கடைக்காரர் ஹீட்டர் வாங்கச் சொன்னார். தூத்துக்குடி வெயிலுக்கு ஹீட்டரா! அதற்குப் பதிலாக நீரின் மேல் காற்று வீசும் சிறு மின்விசிறி வாங்கினோம். பவளங்களுக்கான விலையுயர்ந்த விளக்கையும் வேண்டாம் என்றோம். மிச்சப்பட்ட பணத்தில் புரோட்டீன் ஸ்கிம்மர் வந்தது. நுண்ணிய குமிழிகளை எழுப்பி, அவற்றில் ஒட்டும் கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி அது. நீரோட்டத்துக்கு ஒரு மோட்டார், மின்தடை வந்தால் உதவ பேட்டரி காற்றுப் பம்பு, நீரைச் சோதிக்கும் மருந்துகள் ஆகியவையும் வாங்கினோம். நீர் சொட்டினாலும் பிளக்கை அடையாதபடி அப்பா மின்கம்பிகளைத் தாழத் தொங்கவிட்டுப் பொருத்தினார்.

அழகுக்குப் பவளக்கல் வைக்க ஆசைதான். தாத்தா மறுத்துவிட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியில். பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். இப்போது சட்டமும் பவளத்தைக் காக்கிறது. "பாரைப் பேத்தா மீனுக்கு வீடேது?" என்றார் தாத்தா. பீங்கான் வளையங்களே போதுமென்று அமைந்தோம்.

எந்தக் கடையிலும் கிடைக்காத கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் பொறுமை. மீனின் கழிவிலிருந்து நச்சுத்தன்மையுள்ள அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். சாம்பல் புதனன்று ஓர் இறாலைத் தொட்டியில் இட்டு, மீனில்லாமலே காத்திருந்தோம். அம்மோனியா ஏறி இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறியது. எங்கள் வெறுந்தொட்டியைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர். தவக்காலம் எங்களுக்கு இருமடங்கு தவமாயிற்று. குருத்து ஞாயிறுக்கு மறுநாள் சோதித்தபோது இரண்டும் பூச்சியத்தைக் காட்டின.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரம் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. இவற்றைத் தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்துள்ளது. ஆகவே பொரிப்பகத்தில் பிறந்தவற்றையே கேட்டு வாங்கினோம். கடலிலிருந்து எதையும் பறிக்கவில்லை.

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து, கவனிக்கும் பொறுப்பைத் தாத்தாவிடம் ஒப்படைத்தோம். தினமும் காலையில், "பிள்ளைகளா, அரை விரக்கடை குறைஞ்சிருக்கு" என்று குரல் கொடுப்பார். முன்பு விடிந்தும் கண்மூடிக் கிடந்தவர், இப்போது எங்களுக்கு முன்னே எழுந்து, தலையணையில் சாய்ந்து, மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செத்துப்போன அந்த இரு மீன்களை நாங்கள் மறக்கவில்லை. அன்புத் தோழியரே, உயிருள்ள ஒன்றை வீட்டுக்கு அழைக்கும் முன், அது வாழ இடம் அமைத்துவிட்டு அழையுங்கள். படைத்தவர் நம்மிடம் ஒப்படைத்த உயிர்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவே.