கங்கையில முங்கிக் குளிச்சேம்மா!

எனக்கு நீச்சல் தெரியாது. சொந்த ஊர் அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி. ஏழெட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னாடி எங்க ஏரியாவே கடல்தானாம்! சுண்ணாம்புக்கல் குவாரியில சிப்பியெல்லாம் கல்லாகிக் கிடக்கும். இப்போ மருதையாறு பாதி நாள் மணல். எங்கே போய் நீச்சல் பழக?

டிகிரி முடிச்சதைக் கொண்டாட ரிஷிகேஷ்ல ராஃப்டிங்னு பசங்க முடிவு பண்ணினப்போ, வயித்துல புளி கரைச்சது. சிவபுரியில இருந்து சுமார் 16 கிலோமீட்டர். கரையிலேயே கைடு அண்ணன் பாடம் எடுத்தார். விழுந்துட்டா மல்லாந்து மித, காலை ஆறு போற பக்கம் நீட்டு. நிக்க மட்டும் பார்க்காதே. பாறை இடுக்குல கால் மாட்டினா தண்ணி ஆளை அமுக்கிடும். விழுந்தவனைக் கையைப் பிடிச்சு இழுக்காதே, லைஃப் ஜாக்கெட்டோட தோள்பட்டையைப் பிடி.

படகுல என் பக்கத்துல உட்கார்ந்தவன், ரெண்டாம் வருஷத்துல இருந்து என்னோட பேசாதவன். பொண்ணு விஷயமெல்லாம் இல்லீங்க, ஹாஸ்டல் பக்கெட் சண்டை!

'கோல்ஃப் கோர்ஸ்'னு ஒரு இடம். பேரைக் கேட்டா புல்தரை ஞாபகம்தானே வரும்? படகு ஒரே தூக்கு. அடுத்த நொடி மூக்கு, வாயெல்லாம் கங்கை. படிச்ச பாடம் மொத்தமும் காலி, செமஸ்டர் மாதிரியே.

"காலை நீட்டுடா!"

நீட்டினேன். யாரோ தோள்பட்டையைப் பிடிச்சு, நெல்லு மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப் போட்டாங்க. நிமிர்ந்து பார்த்தா... அவன்!

"பக்கெட்டை நீயே வச்சுக்கடா"ன்னேன், இருமிக்கிட்டே.

"அது அப்பவே உடைஞ்சுபோச்சுடா"ன்னான்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, "கங்கையில முங்கிக் குளிச்சேம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்!